நாய்க்குச் சோறு வைக்கப் போனவர்

குன்சன்,
ஏப்ரல் 9, 2019

மன்ஹோவுக்கு,

பதினோரு ஆண்டுகளாக உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாததால், வரைபட அலுவலகத்தில் பிழை பார்த்த காலத்துப் பழக்கப்படி முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தில் எழுதப்போவது:

1. எனக்கு எப்படித் தெரிய வந்தது.
2. வயது பற்றி நீ சொன்ன பொய்.
3. நாய் பற்றி நீ சொன்ன பொய்.
4. செவ்வாய்க்கிழமை.
5. மே பதினேழாம் தேதி நீ வரக்கூடாது என்பது.

முதலாவது. நம் தங்கை சுன்னிம் இறந்த மறுநாள் பிற்பகல், ஆஸ்பத்திரியின் துக்க மண்டபத்தில் நான் வாசலோரம் நின்று, வந்தவர்களின் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் கணவர், நம் மாப்பிள்ளை, ஒரு கிண்ணம் மாட்டுக்கறிச் சூப்பைக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டுப் போனார். உள்ளே கடைசி மேசையில், துக்க மண்டபங்களில் வழக்கம்போல், பூப்படம் போட்ட சீட்டாட்டம். நீ எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாய். உனக்கு மோசமான சீட்டு விழுந்திருக்க வேண்டும். கையிலிருந்ததைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "நான் போய் நாய்க்குச் சோறு வெச்சுட்டு வரேன்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் கிண்ணத்தைச் செருப்புகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன்.

அந்த வாக்கியத்தை மூன்று வருடமாகத் திரையில் படித்துவருகிறேன். இணையத்தில் நான் போக்கர் ஆடும் மேசை காசில்லாதது, வெறும் பொய்ச் சில்லுகள். அங்கே 'கிழக்குக் கடல் கிழவன்' என்ற பெயரில் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு முறை ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கவிழ்க்கும்போதும் அரட்டைப் பெட்டியில் இதையேதான் எழுதுவார்.

ஒரே வாக்கியத்தை நாட்டில் இரண்டு பேர் சொல்லக்கூடாதா என்று என்னோடு நானே வாதிட்டேன். நான் தவறாகக் கேட்டிருக்கலாம், துக்கத்தில் காது ஏமாற்றும். அதனால் வீடு திரும்பியதும் மேசையில் உட்கார்ந்து, "என்னண்ணே, ரெண்டு மூணு நாளா ஆளையே காணோம்?" என்று எழுதினேன். பதில் வந்தது: "ஒரு சாவு, தம்பி. என் தங்கச்சி." யாருடைய தங்கை என்று நான் கேட்கவில்லை. கணினியை அணைத்தேன். என் கணக்கையும் அழித்துவிட்டேன்.

இரண்டாவது. முதல் வாரமே நீ, "ஐயா எந்த வருஷம் பொறந்தீங்க?" என்று கேட்டாய். அதில் தவறில்லை. வயதைத் தீர்த்துக்கொள்ளாமல் நம் ஆட்கள் யாரும் யாரோடும் இரண்டு வார்த்தை பேச முடியாது. நான் உண்மையைச் சொன்னேன், 1945 என்று. நீ, "அப்ப நான் அஞ்சு வருஷம் மூத்தவன். நாப்பது, டிராகன் வருஷம். தம்பின்னு கூப்பிடலாமில்ல?" என்றாய். 1949இல் பிறந்தவன் நீ. நீ பிறந்த அன்று மருத்துவச்சியை அழைத்துவர ஓடியவன் நான்.

அன்று முதல் உன்னை 'அண்ணே' என்றேன். உனக்கு வணக்கம் எழுதும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன். நான் யோசித்து யோசித்துச் சீட்டுப் போடுவதால், தேகுவிலிருந்து ஆடுகிற 'பூண்டு மூட்டை' ஒருமுறை, "கிழவனாரே, உங்க தம்பி ஒரு சீட்டப் போடுறதுக்குள்ள என் பேரன் பட்டாளத்துக்குப் போயிட்டுத் திரும்பிடுவான்" என்று எழுதினார். நீ, "என் தம்பிய யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது. அவன் நிதானம் உன் குடும்பத்துக்கே கிடையாது" என்றாய். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வீட்டின் தலைமகனாகவே வளர்ந்தவன் நான். எனக்காக யாரும் அதுவரை அப்படிப் பேசியதில்லை.

உன்னைப் பற்றியும் உன்னிடமே சொன்னேன். "எனக்கு ஒரு தம்பி இருக்கான், முரடன்" என்றேன். "எவ்வளவு முரடன்?" என்றாய். அப்பாவின் நினைவுநாள் படையலில், உலர்ந்த பெர்சிமன் பழத்தட்டை நான் இரண்டு விரல் கிழக்கே நகர்த்தியதற்காக, தட்டையே தூக்கி வாசலில் வைத்துவிட்டுப் போனவன், அதோடு எங்கள் பேச்சே நின்றது என்றேன். பிறகு, "ரெண்டு விரலா? கணக்கா அளந்தியா தம்பி?" என்றாய். நான் அதை அனுதாபம் என்று நினைத்தேன்.

மூன்றாவது. உன்னிடம் நாய் இல்லை. நீ இருக்கும் பொதுக் குளியல் நிலையத்தில் விலங்குகளுக்கு இடமில்லை என்று உன் மகன் மண்டபத்தில் என்னிடம் சொன்னான். ஆனால் நான் மூன்று வருடம் அந்த நாயின் நலம் விசாரித்தேன். பெயர் துபு என்றாய். நிறம் கேட்டேன், கறுப்பு என்றாய். கறுப்பு நாய்க்கு யாராவது வெள்ளை வெளேரென்ற சோயாக்கட்டியின் பெயரை வைப்பார்களா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "பேரு வெச்சவன் ஒரு அரைவேக்காடு, தம்பி" என்றாய். நான் 'ஹா ஹா' என்று எழுதினேன். அதற்கு வயிற்றுப்போக்கு என்று நீ சொன்னபோது, கால்நடை மருத்துவர் ஒருவரைத் தேடிப்போய்க் கேட்டு வந்து, அரிசிக் கஞ்சி கொடுக்கச் சொன்னேன். ஒருவன் இன்னார் என்று தெரிந்தே அவனை இப்படி ஆட்டிவைப்பதற்கு என்ன பெயர்? நீ யார் என்பதற்கு ஒரு சின்னக் குறிப்புகூட நீ தரவில்லை.

நான்காவதை எழுதக் கை வரவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன். சுன்னிம் படுக்கையில் விழுந்ததும் நம் இருவரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ரெண்டு அண்ணனும் ஒரே நாள்ல, ஒண்ணா வாங்க." உன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, கூப்பிடத் துணிவில்லாமல், தனி அரட்டையில் 'அண்ணனிடம்' யோசனை கேட்டேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "நோயாளி முன்னாடி சண்டை வந்துரும் தம்பி. அவனக் கூப்பிடாத. நீ தனியாப் போ. செவ்வாக்கெழம போ, கூட்டம் இருக்காது." நான், "சரிண்ணே" என்றேன்.

செவ்வாய்தோறும் போனேன். ஒருமுறை அவளிடம், சீட்டு மேசையில் எனக்கு ஓர் அண்ணன் கிடைத்திருக்கிறார் என்று சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்து நர்சைக் கூப்பிட்டேன். நாம் இருவரும் ஓர் அறையில் நிற்பதைப் பார்க்காமலே அவள் போய்விட்டாள். இதைச் செய்தது நீ.

ஐந்தாவது. மே பதினேழு, சுன்னிம்மின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குத் தேஜன் கோயிலுக்கு நீ வராதே. மாப்பிள்ளையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பியோ மன்சொக்


சொக்சோ,
ஏப்ரல் 17

அண்ணா,

போன் பண்ணினேன், எடுக்கல. ஏழு தடவை. சரி, நீங்க எழுதினா நானும் எழுதுறேன். எனக்கு உங்கள மாதிரி வரிசை போட வராது. பேசுற மாதிரிதான் வரும். நடுவுல யாராவது துண்டு கேட்டா எழுந்து போயிட்டு வருவேன், அங்கங்க விட்டுப்போயிருந்தா பொறுத்துக்குங்க.

நான் உங்களத் தேடி வரல. சாமி சத்தியமா. குளிக்க வர்றவங்களுக்குச் சாவி குடுக்குற மேசையில சும்மா உக்காந்து விளையாடிட்டிருந்தேன். ஒரு நாள் எதிர்ல ஒரு ஆளு, பேரு 'இருபத்தையாயிரத்தில் ஒன்று'. வரைபடத்தோட அளவ எவனாவது தனக்குப் பேரா வெச்சுக்குவானா? இந்தக் கொரியா முழுக்க அப்படி ஒரே ஒரு ஆளுதான். பாத்ததும் எழுந்து ஓடியிருக்கணும். ஓடல. முதல் ஆட்டத்துல நீங்க தோத்துட்டு, ஜெயிச்சவனுக்கு "மிகச் சிறப்பான ஆட்டம், நன்றி" அப்டின்னு முற்றுப்புள்ளியோட எழுதினீங்க. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுது. அப்புறம் அழுகை வந்துருச்சு. அப்படியே உக்காந்துட்டேன்.

வயசு சொன்னது பொய்தான். ஏன் சொன்னேன்னா, உண்மையச் சொல்லியிருந்தா ரெண்டாவது நிமிஷமே எப்படி ஆடணும்னு எனக்குச் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சிருப்பீங்க. நான் பொறந்ததுலருந்து நீங்க அதத்தான் செய்றீங்க. எழுபது வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, "சாப்பிட்டியாடா?"ன்னு என்னக் கேட்டிருக்கீங்களா? அந்த மேசையில தினமும் கேட்டீங்க. "அண்ணே, சாப்பாடு ஆச்சா? கடல் காத்து ஜாஸ்தி, கழுத்துக்குத் துணி சுத்திக்குங்க." எங்கண்ணன் எனக்கு எழுதுறாரு, கழுத்துக்குத் துணி சுத்திக்கன்னு. இத நான் எப்படிங்க விடுவேன்?

உங்க வரிசையில மூணாவது தப்பு. ஏன்னு சொல்ல மாட்டேன். பிழை பாக்குறதுதானே உங்க வேல, பாருங்க.

நாலாவதுக்கு இப்ப பதில் இல்ல.

அஞ்சாவது, நான் வருவேன். அவ எனக்கும் தங்கச்சி.

மன்ஹோ

பூண்டு மூட்டை உங்கள விசாரிச்சான். "உங்க தம்பி எங்க, சீட்டு யோசிக்கிறாரா இன்னும்?"னு கேட்டான். உடம்பு சரியில்லன்னு சொல்லி வெச்சேன்.


குன்சன்,
ஏப்ரல் 24

மன்ஹோவுக்கு,

மூன்றாவது குறிப்பைத் திரும்பவும் சரிபார்த்தேன். நீ வீட்டில் நாய் வளர்க்கவில்லை. உன் மகன் சொன்னது தெளிவாக நினைவிருக்கிறது. இருந்தாலும் என்னை நான் நம்பாமல், அவனுக்கே தொலைபேசியில் பேசிக் கேட்டேன். "பெரியப்பா, எங்க வீட்ல மீன்கூட வளத்ததில்ல" என்றான். பிழை எதுவும் தென்படவில்லை. நான்காவதிலிருந்து என் கவனத்தைத் திருப்பவே நீ அப்படி எழுதினாய் என்று முடிவு செய்கிறேன்.

சாப்பிட்டாயா என்று நான் கேட்டதில்லை என்கிறாய். இருக்கலாம். அதற்காக என்னிடம் கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கும் சுன்னிம்முக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு ஒரே கேள்வி. அந்த மேசையில் நீ என்னை எத்தனை முறை வேண்டுமானாலும் ஏமாற்றியிருக்கலாம். கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டுவது ஆட்டத்தின் விதி. அன்று நான் கேட்டது ஆட்டத்தைப் பற்றியல்ல. எனக்கு அப்பா போன பிறகு 'இப்படிச் செய்' என்று சொல்ல யாருமில்லை. எல்லாவற்றையும் நானே முடிவு செய்து, சரிதானா என்று இரவெல்லாம் புரண்டவன். யாரோ ஒருவர் எனக்கு முடிவு சொன்னது எவ்வளவு இதமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. அந்த இதத்தில்தான் "சரிண்ணே" என்றேன்.

ஏன் செவ்வாய்க்கிழமை என்றாய்?

பியோ மன்சொக்


சொக்சோ,
மே 2

அண்ணா,

ஏன்னா நான் வியாழக்கெழம போயிட்டிருந்தேன்.

இத எழுதிட்டு பேனாவ வெச்சுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எடுக்குறேன்.

உங்களுக்கு நல்லவிதமா ஒரு காரணம் சொல்லலாம்னு பாத்தேன். ஒண்ணும் கிடைக்கல. உள்ளது இதுதான். அன்னிக்கு நீங்க கேட்டப்போ, விரல் விசைப்பலகை மேலயே இருந்துச்சு. 'கூப்பிடு தம்பி, அவன் வருவான்'னு எழுதினேன். அனுப்பல. அழிச்சேன். நீங்க என்னக் கூப்பிட்டா நான் வருவேன், நாம ரெண்டு பேரும் அவ கட்டில்கிட்ட நிப்போம், நீங்க அவ போர்வைய இழுத்துச் சரிபண்ணிட்டு, "மன்ஹோ, நீ அந்தப் பக்கம் நில்லு"ன்னு சொல்வீங்க. நான் மறுபடி தம்பியாயிடுவேன். அதுக்கப்புறம் மேசையில 'அண்ணே'ன்னு கூப்பிட ஆளு இருக்காது. அந்தப் பேராசைதான். வேற எதுவுமில்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இல்லன்னா இதுவும் பொய்யாத்தான் போகும். அவளுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். சிரிச்சா பாருங்க, மூக்குல இருந்த ஆக்சிஜன் குழாய் கழண்டு விழுந்துருச்சு. "பெரியண்ணன் உங்கள அண்ணேன்னு கூப்பிடுறாரா? நிஜமாவா? இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னு கேட்டுக் கேட்டுச் சிரிச்சா. ஒவ்வொரு வியாழனும், "பெரியண்ணன் இந்த வாரம் என்ன எழுதினாரு?"ன்னு கேப்பா. நீங்க நர்சைக் கூப்பிட்டீங்களே, அன்னிக்கும் அவ அழல அண்ணா.

ஆனா கடைசி கடைசியா ஒரு வியாழக்கெழம என் கையப் புடிச்சுக்கிட்டு, "போதும் சின்னண்ணா. நான் போறதுக்குள்ள அவர்கிட்ட சொல்லி இங்க கூட்டிட்டு வந்துருங்க"ன்னா. சரின்னேன். அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன். அந்த வாரமும் நீங்க மேசையில ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க.

ஏமாத்தினேன், ஆமா. உங்களையும் அவளையும்.

ஆனா நான் யாருன்னு சொல்லவே இல்லன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத மட்டும் என்னால பொறுக்க முடியல. ஒவ்வொரு தடவ சீட்டக் கவிழ்க்கும்போதும் சொன்னேன். மூணு வருஷம் சொன்னேன். நீங்க என்னடான்னா அரிசிக் கஞ்சி குடுக்கச் சொன்னீங்க.

பதினேழாம் தேதி வர்றேன்.

மன்ஹோ


குன்சன்,
மே 20

மன்ஹோவுக்கு,

இம்முறை வரிசை சிறியது. கோயிலில் நடந்தது ஒன்று. பழைய வரிசையில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பது இரண்டு.

கோயிலில் நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து எழுதிவைக்க விரும்புகிறேன். நான் சீக்கிரமே வந்துவிட்டேன். படிக்கட்டில் நீ ஏறி வருவதைப் பார்த்தும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று நான்கு வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். நீ கழுத்தில் துணி சுற்றியிருந்தாய். மே மாதத்தில். வாக்கியங்கள் மறந்துபோயின.

மாப்பிள்ளை உன் கையில் பெர்சிமன் தட்டைக் கொடுத்து, சுன்னிம்மின் படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார். அவருக்கு நம் கதை தெரியாது. நீ வைத்தாய். நாம் இருவரும் ஒரே அறையில், அவள் முகத்துக்கு நேராக, பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவள் கேட்டது அதுதான். துறவி மணியைத் தட்டவிருந்தார்.

அப்போது என் கை நீண்டது. நான் நீட்டவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பவில்லை. தட்டை இரண்டு விரல் கிழக்கே நகர்த்திவிட்டேன்.

நீ தட்டைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. மிக மெதுவாக, "நான் போய் நாய்க்குச் சோறு வெச்சுட்டு வரேன்" என்றாய். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை, "என்ன மச்சான், எந்த நாய்?" என்று கேட்டபடி உன் பின்னால் ஓடினார். நான் வாசல்வரை வந்தேன். கூப்பிடவில்லை. உன் பெயர் வாயில் வரவில்லை. 'அண்ணே' என்றுதான் வந்தது, அதை விழுங்கிவிட்டேன்.

நீ படியிறங்கிப் போனாய். இடது தோள் தாழ்ந்து, இடது கை உடம்போடு ஒட்டி, கையில் இருக்கும் ஏதோ ஒன்று சிந்திவிடக்கூடாது என்பதுபோல. எழுபது வயதுக் கிழவனின் முதுகு அது. ஆனால் அந்த நடையை நான் முன்பு ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன், இதே கோணத்தில், மேலேயிருந்து.

நம் வீட்டுப் பின்கட்டில் கூழாங்கல் ஆடுவோம். நான் நான்கு வயது பெரியவன், நீதான் தோற்பாய். நீ தோற்றதும் கல்லையெல்லாம் நான் அள்ளிக்கொண்டு சொல்வேன்: "போ, போய் நாய்க்குச் சோறு வெச்சுட்டு வா." நீ தகரக் கிண்ணத்தை இடது கையில் ஏந்தி, குழம்பு சிந்தாமல், படியிறங்கிப் போவாய். ஒருநாளும் மறுத்ததில்லை. பதின்மூன்று வயதில் படிக்க ஜொன்ஜுவுக்குப் போனேன். விடுமுறைக்கு வந்தபோது கிண்ணம் இருந்தது, நாய் இல்லை. அது என்ன ஆயிற்று என்று உன்னிடம் நான் கேட்டதாக நினைவில்லை. கேட்டிருந்தால் நினைவிருக்கும்.

இனி இரண்டாவது.

முதல் குறிப்பு நிற்கிறது. வயதைப் பற்றிய குறிப்பும் நிற்கிறது. நீ 1949இல் பிறந்தவன், மருத்துவச்சியை அழைத்துவர ஓடியவன் நான்.

செவ்வாய்க்கிழமை நிற்கிறது. அதை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் அது நிற்கிறது. அவள் உயிரோடு இருந்தபோது, நம் இருவரையும் பார்க்கவேண்டும் என்று கேட்டபோது, நீ என்னை வேறு கிழமைக்கு அனுப்பினாய். எனக்கு மட்டும் தெரியவில்லை, உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அவள் சிரித்தாள் என்று நீ எழுதியதைப் பல முறை படித்தேன். அவள் சிரித்தது எனக்கு ஆறுதலா, இன்னொரு துரோகமா என்று தீர்மானிக்க முடியவில்லை. உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. இதைப் பற்றி யோசனை கேட்க எனக்கு இருந்த ஒரே ஆள் நீதான், அதாவது அவர்தான். அவரும் இப்போது இல்லை.

ஐந்தாவது, நீ வந்தாய், போனாய். அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, பிழை திருத்தம். மூன்றாவது குறிப்பில், நாய் பற்றி நீ பொய் சொன்னாய் என்றும், நீ யார் என்பதற்கு ஒரு குறிப்புகூடத் தரவில்லை என்றும் எழுதியிருந்தேன். இரண்டு முறை சரிபார்த்து, பிழையில்லை என்றும் உறுதி சொன்னேன். அது தவறு.

நாய் இருந்தது. கறுப்பு நாய். துபு என்று பெயர் வைத்த அரைவேக்காடு நான்.

மன்சொக்